சதுரமா, வட்டமா: துளையின் இடத்தைச் சொல்லும் இரு முறைகள்

ஒரு தட்டில் நான்கு எம்8 ஸ்டட்கள். அவற்றின் மேல் உட்காரவேண்டிய மூடியில் நான்கு துளைகள். ட்ராயிங்கில் ‘4 எக்ஸ், டயா 9, த்ரூ’ என்றும் மேல்வரம்பு 9.2 என்றும் இருந்தால், துளையின் அளவில் குழப்பமில்லை. அது எங்கே இருக்கவேண்டும் என்று சொல்வதில்தான் இரு முறைகளும் பிரிகின்றன.

பழைய முறையில் இரண்டு விளிம்புகளிலிருந்து தூரம் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ± டாலரன்ஸ் போடுவார்கள். துளையின் மையம் ஒரு சதுரத்துக்குள் எங்கும் இருக்கலாம். ஸ்டட்டுக்கும் துளைக்கும் இடைவெளி, விட்டக் கணக்கில், 1 மி.மீ. தட்டும் மூடியும் அதைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டால், மூடியின் துளை மையம் எந்தத் திசையிலும் 0.25 விலகலாம். அதையே ±0.25 என்று எழுதினால் சதுரத்தின் மூலையில் விலகல் 0.35 ஆகிவிடும்; இன்ஸ்பெக்‌ஷனில் பாஸான மூடி அசெம்பிளியில் உட்காராமல் போகலாம். மூலைக்குப் பயந்து ±0.17 என்று குறுக்கினால், பக்கவாட்டில் மட்டும் 0.22 நகர்ந்த நல்ல துளை ரிஜெக்ட் ஆகும்.

ஸ்டட் உருண்டை, அதற்கு மூலை ஏது? ஸ்காட்லாந்தின் அலெக்சாண்ட்ரியாவில் ராயல் டார்பிடோ தொழிற்சாலையில் பணியாற்றிய ஸ்டான்லி பார்க்கர், இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் சதுரத்தின் இடத்தில் வட்டத்தை வைத்தார். சதுரத்தின் நான்கு மூலைகளையும் தொடும் வட்டத்துக்குப் பரப்பு 57 சதவீதம் கூடுதல்.

அந்த வட்டமே பொசிஷன் டாலரன்ஸ். கட்டத்துக்குள் பொசிஷன் குறி, டயா 0.5, வட்டத்துக்குள் எம் (மேக்ஸிமம் மெட்டீரியல்), பிறகு ஏ, பி, சி என்ற டேட்டம்கள், அதாவது அளப்பதற்கு ஆதாரமான முகங்கள். 0.5 என்பது விட்டம், ±0.5 அல்ல. துளைக்கான தூரங்களும் பெட்டிக்குள், டாலரன்ஸ் இல்லாமல் நிற்கும். டாலரன்ஸ் காணோமே என்று டைட்டில் பிளாக்கிலிருந்து பொது டாலரன்ஸை எடுத்துப் போடக்கூடாது. பெட்டி அளவுக்கு அது பொருந்தாது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த எம். துளை 9.2 ஆக வந்தால், கூடிய 0.2 இடத்துக்கும் சலுகையாகி, 0.5 என்பது 0.7 ஆகிறது. ஒரு திசையில் 0.25, அதற்குச் செங்குத்தாக 0.15 விலகிய துளைக்கு 0.58 விட்டம் தேவை. துளை 9.0 என்றால் ரிஜெக்ட், 9.2 என்றால் பாஸ். ± முறையில் இந்தக் கணக்குக்கே வழியில்லை. எந்த முகத்தை முதலில் உட்காரவைத்து அளப்பது என்ற சண்டையையும் ஏ, பி, சி வரிசை தீர்த்துவிடுகிறது.

ஆனாலும் எண்ணெய் விடும் துளைக்கு ±0.5 போதும், அங்கே கட்டம் போடுவது இன்ஸ்பெக்டரின் நேரத்தைத் தின்னும். டவல் பின் துளைக்குக் கட்டம் அவசியம், ஆனால் எம் போடமாட்டேன்: இடத்தை நிறுத்துவதே பின்னின் வேலை, துளை பெரிதானதற்காக இடம் விலகச் சலுகை கொடுக்க அங்கே காரணமில்லை.