ஒரே கோழி, இரண்டு வெயில்

மே மாதத் தில்லியில் கோழி வளர்ப்பவரிடம் வெயிலுக்கு என்ன செய்வது என்று கேட்டால், கூட்டின் மேற்குப் பக்கம் ஈரச் சாக்கைத் தொங்கவிடச் சொல்வார். சரியான யோசனைதான். அதையே நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ ஒருவர் செய்தால் பெரிதாகப் பலன் இருக்காது. காற்றோட்டம் இல்லாத கூடாக இருந்தால் கெடுதலே மிஞ்சும். கோழிக்கு வியர்ப்பதில்லை. அதன் உடல் வெப்பம் இயல்பிலேயே 41, 42 டிகிரி. வெயில் ஏறினால் அலகைத் திறந்து இளைக்கும். மூச்சோடு வெளியேறும் ஈரம்தான் அதற்குக் குளிர்ச்சி. தில்லியின் ‘லூ’ காற்று வறண்டு வருவதால் சாக்கின் ஈரத்தை உறிஞ்சிக் குளிர்ந்து உள்ளே நுழைகிறது. ஜன்னலில் மாட்டியிருக்கும் ஏர்கூலரின் சூத்திரமும் அதுவே. கடற்கரை ஊரில் காற்றே நனைந்து கிடக்கிறது. இளைத்தும் ஆறாத கோழியைச் சுற்றி இன்னும் ஈரத்தைக் கூட்டினால் அது எங்கே போய் ஆற்றிக்கொள்ளும்? வேலூர், கரூர் போன்ற உள்மாவட்டங்களில் ஈரச் சாக்கு ஓரளவு பலிக்கும். தில்லியிலும் ஜூலையில் மழை இறங்கிவிட்டால் சாக்கைக் கழற்றிவிட வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் கழற்றிவிடுகிறார்கள்.

கோழி வளர்ப்பு யோசனைகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவை. பாதியைக் கோழி தீர்மானிக்கிறது, மீதியை ஊர் தீர்மானிக்கிறது. தில்லியின் மாடிகளையும் தமிழ்நாட்டுக் கொல்லைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இது நன்றாகத் தெரிகிறது.

தில்லியில் கோழி எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. காஜிப்பூர் மண்டியில் லாரி லாரியாக இறங்கும் பிராய்லரைத்தான் அவர்கள் பார்த்திருப்பார்கள். நாட்டுக்கோழி இருக்குமிடம் வேறு. 1908இல் ஊர்க்குடியிருப்பைப் பிரித்துக் காட்ட வருவாய்த்துறை வரைபடத்தில் இழுத்த சிவப்புக் கோட்டின் பெயரால் இன்றும் ‘லால் டோரா’ என்றழைக்கப்படும் பழைய கிராமங்கள் நகரத்துக்குள் அகப்பட்டுக் கிடக்கின்றன. அந்தச் சந்துகளிலும், சீலம்பூர், ஓக்லா, நிஜாமுதீன் பஸ்தி பக்கத்து மொட்டை மாடிகளிலும், யமுனைக் கரைக் குடிசைகளிலும் பழைய பலகையில் அடித்த ‘தட்பா’ என்ற கூட்டில் நாலைந்து கோழிகள் இருக்கும். நகரத்தின் ஓரத்தில், நஜஃப்கர், முங்கேஷ்பூர் பக்கம், இன்னும் கொஞ்சம் மண்தரை மிச்சமிருக்கிறது. ஆனால் 2022 மே 15 அன்று அந்த இரண்டு இடங்களிலும்தான் வெயில் 49 டிகிரியைத் தாண்டியது.

தமிழ்நாட்டின் கணக்கு வேறு அளவிலானது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டின் கோழியினம் 85 கோடி. அதில் தமிழ்நாட்டின் பங்கு 12 கோடிக்கு மேல், மாநிலங்களில் முதலிடம். அதில் பெருந்தொகை நாமக்கல் பண்ணைகளுடையது, கொல்லைக்கும் கோழிக்கும் அங்கே சம்பந்தமில்லை. ஆனால் அதே கணக்கெடுப்பில், நாடு முழுக்க வீட்டுப்புறத்தில் வளரும் கோழிகள் 31 கோடிக்கு மேல் இருந்தன. முந்தைய 2012 கணக்கைவிட இது ஏறத்தாழ 46 விழுக்காடு கூடுதல். கொல்லைக்கோழி ஒழிந்துபோகும் என்று சொன்னவர்கள் இந்த எண்ணைப் பார்க்கலாம்.

யோசனை யாரிடமிருந்து வருகிறது என்பதில்தான் இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசம். தமிழ்நாட்டில் கோழி பெண்களின் சொத்து. முட்டைக் காசு அவர்கள் சுருக்குப்பைக்குப் போகும். அதோடு வாரத்துக்கு விடும் வழக்கம் ஒன்று உண்டு. ஒரு பெட்டையை அடுத்த வீட்டுக்கு வளர்க்கக் கொடுத்து, பொரிக்கும் குஞ்சில் பாதியை வாங்கிக்கொள்வார்கள். அப்படிக் கொடுத்த பிறகு, “தண்ணி காட்டினியா? பஞ்சாரத்த மூடினியாடி?” என்று வேலிக்கு அப்பாலிருந்து கேட்பது கரிசனம் மட்டுமல்ல, பங்குதாரரின் மேற்பார்வையும்கூட. ஊரில் கோழி யோசனை இத்தனை தாராளமாகப் புழங்குவதற்கு இந்தப் பங்கும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அடுத்த வீட்டுக் கோழி செத்தால் தனக்கும் நஷ்டம்.

தில்லியைச் சுற்றியுள்ள ஜாட், குஜ்ஜர் வீடுகளில் மரியாதையெல்லாம் எருமைக்குத்தான். கோழி பெரும்பாலும் முஸ்லிம், தலித் குடும்பங்களின் வளர்ப்பாகவே இருந்து வந்திருக்கிறது. அதனால் யோசனையும் மொகல்லா எனும் குடியிருப்புக்குள்ளேயே சுற்றுகிறது. அதிலும் சண்டைக்கு வளர்க்கும் அசீல் சேவல்காரர்கள் தனி வகை. எந்தச் சேவலை எந்தப் பெட்டையோடு சேர்த்தார், தீனியில் என்ன கலந்தார் என்பதை நெருங்கிய சிஷ்யனுக்குத் தவிர வேறு யாருக்கும் சொல்வதில்லை. இதில் தமிழ்நாட்டுக் கட்டுச்சேவல்காரர்களும் ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை. பெட்டையைப் பற்றிய அறிவு வேலி தாண்டிப் போகிறது. சேவலைப் பற்றிய அறிவு வேட்டி மடிப்பில் முடிந்து வைக்கப்படுகிறது. இது இரண்டு ஊருக்கும் பொது.

தில்லி மாடிக்கோழிகளில் பல, குழந்தை அடம்பிடித்து வாங்கியவை. பச்சையும் ரோஸும் சாயம் ஏற்றிய குஞ்சுகளைக் கூடையில் வைத்துத் தெருவில் விற்றுக்கொண்டு போவார்கள். அவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்கள் வேண்டாமென்று கழித்த சேவல் குஞ்சுகள். தாயில்லாமல் வரும் சில நாள் குஞ்சுக்கு முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி வெப்பம் வேண்டும். ஆகவே தில்லியின் யோசனைகளைக் கூட்டிப் பார்த்தால் தாய்க்கோழி செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலாக இருக்கிறது. அட்டைப்பெட்டி, மஞ்சள் பல்பு, வெல்லத் தண்ணீர், தரைக்கு மரத்தூள். இதில் பல்பு இப்போது வம்பாகிவிட்டது. அந்தக் காலத்து அறுபது வாட் குண்டு பல்பைச் சொன்ன யோசனையை எல்.இ.டி. பல்போடு கடைப்பிடித்தால் வெளிச்சம் கிடைக்கும், சூடு கிடைக்காது. குஞ்சுகள் பளிச்சென்ற வெளிச்சத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விறைத்துக் கிடக்கும்.

தமிழ்நாட்டில் இந்த வேலைகளைத் தாயே பார்த்துக்கொள்வதால், யோசனையெல்லாம் அவளை அடை வைப்பதில் குவிந்திருக்கிறது. எனக்குப் பிடித்த பகுதி இது. பழைய கூடையில் மணலோ தவிடோ வைக்கோலோ பரப்பி, முட்டையைத் தண்ணீரில் போட்டு மிதப்பதைக் கழித்து, ஒற்றைப்படை எண்ணிக்கையில் வைப்பார்கள். ஓர் இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, வரமிளகாய் கூடவே போகும். இடி இடித்தால் முட்டை கூழாகாது என்பது நம்பிக்கை. இரும்பு இடியைத் தடுக்கிறதோ இல்லையோ, அதைத் தேடி எடுக்கும் சாக்கில் கூடையை ஒரு முறை நன்றாகப் பார்த்துவிடுகிறார்கள். இருபத்தொரு நாள் கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம்.

அந்த முட்டைகளைச் சேர்த்து வைக்கும் முறையில்தான் அசல் சாமர்த்தியம். கோழி தினம் ஒன்றாக இடுவதை அடைக்கு வேண்டிய அளவு சேர்ப்பதற்குள் முதல் முட்டை பழசாகிவிடும். 20, 21 டிகிரியைத் தாண்டினாலே கரு மெல்ல அசையத் தொடங்கும். முழுச் சூடும் கிடைக்காமல் பாதியில் வளர்ந்து செத்துப்போகும். சித்திரையில் வீட்டுக்குள்ளேயே 34 டிகிரி இருக்கும் ஊரில், ஈர மணல் நிரப்பிய பானையில் முட்டையை வைத்து மேலே நனைத்த துணியைப் போட்டுவைக்கும் வழக்கத்துக்குக் காரணம் இதுதான். கருவியல் படித்து வந்ததல்ல, கூழ்முட்டைகளைத் தூக்கி எறிந்து எறிந்து வந்த அறிவு.

தில்லியின் டிசம்பரில் இந்தப் பானை தேவையில்லை, வீடே குளிர்ப்பெட்டி. ஆனால் வைப்பதற்கு முட்டை இருக்காது. கோழி முட்டையிடுவது பகலின் நீளத்தைப் பொறுத்தது. டிசம்பர் கடைசியில் தில்லியின் பகல் ஏறத்தாழ 10 மணி 20 நிமிடம். சென்னையில் அது இன்னும் ஒரு மணி நேரம் கூடுதல். ஜூனில் தில்லிப் பகல் 14 மணி நேரத்தைத் தொடுகிறது, சென்னையோ 13ஐ எட்டுவதில்லை. தெற்கே ஆண்டு முழுக்க வெளிச்சம் பெரிதாக ஏறி இறங்குவதில்லை, அதனால் கோழி முட்டையை நிறுத்தினால் அடைக்கோ இறகுதிர்வுக்கோ நோய்க்கோ என்று காரணம் தேடுவார்கள். ஊரிலிருந்து தில்லிக்கு வந்தவர் கார்த்திகை, மார்கழியில் முட்டை நின்றதும் அதே காரணங்களைத் தேடித் தீனியை மாற்றி, கூட்டை மாற்றி அலைவார். உள்ளூர்க்காரர் “பிப்ரவரி வரட்டும்” என்று சொல்லிவிட்டுப் போவார். அவசரமென்றால் விடியலில் விளக்குப் போட்டு வெளிச்சத்தை 14 மணி நேரமாக்கலாம். இந்த வேலைக்கு எல்.இ.டி. பல்பே போதும்.

தீனியில் ஒரு வேடிக்கை. கம்பு உடம்புக்குச் சூடு என்று வடக்கே குளிர்காலத்தில் ரொட்டி சுடுவார்கள், கோழிக்கும் அப்போதுதான் அள்ளிப் போடுவார்கள். தமிழ்நாட்டில் அதே கம்பு கூழாகிச் சித்திரை வெயிலுக்குக் குளிர்ச்சி தருகிறது. கோழி இரண்டு கட்சியிலும் சேராமல் பொறுக்கித் தின்கிறது.

குளிர் பற்றிய யோசனைகளில் தில்லிக்காரர்களைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். 2021 ஜனவரி 1 அன்று சப்தர்ஜங்கில் 1.1 டிகிரி பதிவானது. நமக்கு இதைப் பற்றி ஒரு பழக்கமும் கிடையாது. பயத்தில் கூட்டை நாலாபுறமும் பிளாஸ்டிக்கால் சுற்றிவிடத் தோன்றும். அதுதான் பெரிய ஆபத்து. எச்சத்திலிருந்து எழும் அமோனியா வெளியேற வழியில்லாமல் கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும். வளர்ந்த கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு குளிரைத் தாங்கிவிடும், அது தாங்காதது ஈரத்தையும் நேரடிக் காற்றையும்தான். வாடை வரும் பக்கத்தை மறைத்து, கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விடுவது அங்கே பழகிய ஏற்பாடு. அங்கீட்டி என்ற கரியடுப்பை மூடிய இடத்தில் வைத்தால் மனிதர்களே மூச்சடைத்துச் சாகும் செய்தி குளிர்காலந்தோறும் வருகிறது, கோழிக்கு அதைச் சொல்லவே வேண்டாம்.

பகை என்று பார்த்தால் ஊரில் கீரி, காட்டுப்பூனை, வல்லூறு. முருங்கைக்கும் வேலிக்கும் நடுவே குஞ்சு பதுங்க இடமிருக்கும், தாய் ஒரு குரல் கொடுத்தால் அத்தனையும் மறைந்துவிடும். மொட்டை மாடியில் பதுங்க ஒன்றுமில்லை. தலைக்கு மேலே பருந்து. தில்லி உலகிலேயே பருந்துகள் மிக நெருக்கமாக வாழும் நகரங்களில் ஒன்று. குப்பைமேடும், பழைய தில்லியில் நேர்ச்சையாக வானில் எறியப்படும் இறைச்சித் துண்டுகளும் அவற்றை வளர்க்கின்றன. வஜீராபாதில் அடிபட்ட பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்கும் நதீம் ஷெஹ்சாத், முகமது சௌத் சகோதரர்களைப் பற்றி ஷௌனக் சென் 2022இல் எடுத்த ஆவணப்படம் உலகமெங்கும் பேசப்பட்டது. எனக்கும் அந்தப் படம் பிடிக்கும். மாடியில் குஞ்சு வைத்திருப்பவருக்கு அதே ரசனையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவர் வலைக்கடையில் நிற்கிறார். குரங்குக்கும் அதே வலைதான், ஆனால் கம்பி வலையாக இருக்க வேண்டும்.

நோய் என்று வரும்போது இரண்டு ஊரின் யோசனைகளும் ஒரே நோயில் வந்து முட்டுகின்றன. தமிழ்நாட்டில் வெள்ளைக்கழிச்சல், தில்லியில் ராணிகேத். ராணிகேத் என்பது குமாவுன் மலையில் உள்ள ஓர் ஊர், தில்லிக்காரர்கள் அங்கே கோடை விடுமுறைக்குப் போவார்கள். 1920களின் கடைசியில் அங்கே கண்டறியப்பட்டதால் இந்தியாவில் நோய்க்கு அந்தப் பெயர். தடுப்பூசிக்கான கிருமி வகையும் அதே மலைப்பகுதியின் முக்தேஸ்வர் ஆய்வகத்துப் பெயரைத் தாங்கியது. தமிழ்நாட்டில் அந்த மருந்து தயாராகும் இடம் ராணிப்பேட்டை, 1932இல் தொடங்கிய கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம். ஊரில் கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு அரைத்து உருட்டிக் கொடுப்பார்கள். தில்லியில் பூண்டும் மஞ்சளும் ஓமமும். தீனி எடுக்காத கோழிக்கு இவற்றால் கொஞ்சம் தெம்பு வரலாம். கழிச்சல் கண்ட பிறகு இரண்டு ஊரிலும் கூடு காலியாவதுதான் வழக்கம். ஊசி முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும்.

பறவைக்காய்ச்சல் வேறு கதை. 2021 ஜனவரியில் மயூர் விகாரில் காகங்களும் சஞ்சய் ஏரியில் வாத்துகளும் செத்து விழுந்தபோது காஜிப்பூர் மண்டியை மூடினார்கள். கேரளத்தில் வாத்துகளை அழித்துக்கொண்டிருந்த அதே நாட்களில் தமிழ்நாடு எல்லைச் சோதனைச் சாவடிகளில் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாடியில் காகத்துக்கும் புறாவுக்கும் தண்ணீர் வைப்பது தில்லியில் புண்ணியம். கோழியின் தண்ணீர்த் தட்டை அதிலிருந்து தள்ளி, மூடியிட்டு வைக்கச் சொல்லும் யோசனை அந்தக் குளிர்காலத்தில்தான் பரவலாகக் காதில் விழுந்தது.

கழிச்சல் ஊசியில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. எட்டு வார வயதில் இறக்கையடியில் போடும் மருந்து, குப்பிக்கு நூறு கோழி அளவில் வருகிறது. கலந்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள், பனிக்கட்டி மேல் வைத்தே போட்டு முடிக்க வேண்டும். தமிழ்நாட்டில் கால்நடை மருந்தகத்தில் சனிக்கிழமைகளிலும், பிப்ரவரி முகாமிலும் இலவசமாகப் போடுவதால் கூடையில் கோழியைத் தூக்கிக்கொண்டு போனால் முடிந்தது. தில்லி மாடியில் ஆறு கோழி வைத்திருப்பவர் குப்பியை விலைக்கு வாங்கிவிட்டு, மீதி தொண்ணூற்று நான்கு கோழிக்கான மருந்தை என்ன செய்வது என்று யோசிக்கிறார். கொட்ட மனமில்லாதவர்கள் பக்கத்துச் சந்து வரை போய்க் கதவைத் தட்டுகிறார்கள். அங்கே அசீல்காரரும் சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார். தீனியில் என்ன கலக்கிறார் என்று மட்டும் அப்போதும் சொல்ல மாட்டார்.