பாலைவனத்தில் நிலத்தடி வீடு

உச்சி வெயிலில் தகரக் கூரையின் கீழ் இருந்தவர்களுக்கு வெப்பத்தின் கொடுமையை நான் சொல்லத் தேவையில்லை. அதை வென்ற சில உழைப்பாளிகளின் கதை இது.

தென் ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் கூபர் பீடி என்றோர் ஊர் உண்டு. 1915ஆம் ஆண்டு, தங்கம் தேடிச் சென்றவர்களோடு போன வில்லி ஹட்சிசன் என்னும் 14 வயதுச் சிறுவன் அங்கே ஓப்பல் என்னும் மணிக்கல்லைக் கண்டெடுத்தான். செய்தி பரவியது. கல் தோண்ட ஆட்கள் வந்தார்கள். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களும் அவர்களுள் இருந்தார்கள்.

வீடு கட்ட அங்கே மரமில்லை, தண்ணீரும் அரிது. கோடையிலோ வெப்பம் 40 பாகையைத் தாண்டும். என்ன செய்வது? கல் தோண்டிய அதே கருவிகளால் குன்றின் பக்கத்தைக் குடைந்து அறைகள் அமைத்தார்கள். காற்று வர மேலே ஒரு துளை வைத்தார்கள். கனத்த பாறைக்குள் வெப்பமும் குளிரும் எளிதில் புகுவதில்லை. ஆகவே வெளியே அனல் வீசினாலும் உள்ளே ஏறக்குறைய 24 பாகைதான். 1960களில் மூன்று பெண்கள் கைக்கருவிகளாலேயே குடைந்து பெரிதாக்கிய வீடும் அங்கு உண்டு.

இன்றும் அவ்வூரார் பலர் நிலத்தடியில்தான் வாழ்கிறார்கள். வயிற்றுப் பிழைப்புக்குக் கற்ற தொழிலே அந்த முன்னோடிகளுக்கு வீட்டையும் தந்தது. உழைக்கும் கைக்குள் அறிவும் குடியிருக்கிறது, நேயர்களே.