காதுல 'ஙொய்ங்'னு சத்தமா? மாத்திரை, ஊசியும் காரணமா இருக்கலாம்: பழவேற்காடு மீனவர்களே உஷார்!

பழவேற்காடு:

எஞ்சினை நிறுத்தி, படகைக் கரையேற்றி, வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் காதுக்குள்ள 'ஙொய்ங்'னு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கா? ஏரியிலும் கடலிலும் தொழில் செய்யும் பழவேற்காடு மீனவர்கள், எஞ்சின் இரைச்சல்தான் காரணம்னு நினைப்பது இயல்பு. காது அழுக்கு அடைச்சாலும் சத்தம் வரும். ஆனால் எடுத்துக்கொள்ளும் மருந்தும் காரணமாக இருக்கலாம்.

எந்த மருந்துகள்?

ஆஸ்பிரின் மாத்திரை அளவுக்கு மீறினால் காது இரையும். இப்யூபுரூபன் போன்ற வலி மாத்திரைகள், மலேரியாவுக்குத் தரும் குயினைன், வீக்கத்துக்குத் தரும் பியூரோசிமைடு ஆகியவற்றாலும் சிலருக்கு வரும். மருந்தைக் குறைத்தால் இந்தச் சத்தம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஊசி மருந்துகள் விஷயம் வேற. ஸ்ட்ரெப்டோமைசின், கானாமைசின், அமிக்காசின், ஜென்டாமைசின் ஊசிகள் உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய முடிச் செல்களை அழிக்கக் கூடியவை. அவை போனால் திரும்ப முளைக்காது. முதலில் காது இரையும், பிறகு கீச்சுச் சத்தங்கள் கேட்காமல் போகும், கடைசியில்தான் பேச்சு கேட்பது குறையும். ஊசி போடும் காலத்தில் எஞ்சின் இரைச்சலும் சேர்ந்தால் பாதிப்பு இன்னும் அதிகம்.

காசநோய் ஊசி

1943-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின்தான் காசநோயைக் குணமாக்கிய முதல் மருந்து. நம்ம நாட்டில், திரும்பவும் காசநோய் வந்தவர்களுக்கு முன்பு 2 மாதம் இந்த ஊசி போடப்பட்டது. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு கானாமைசின் போட்டதில் பலருக்குக் காது கேட்காமலே போனது. 2018-ல் உலக சுகாதார நிறுவனம் கானாமைசினை கைவிடச் சொன்னது. இப்போது பெடாகுயிலின் உள்ளிட்ட மாத்திரைகளே முக்கிய சிகிச்சை. அந்தக் காலத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு இன்றும் காது இரைச்சல் இருந்தால், பழைய சிகிச்சையை டாக்டரிடம் மறக்காமல் சொல்லணும்.

என்ன செய்யணும்?

* காது இரையுதுன்னு மாத்திரையை நீங்களே நிறுத்தாதீங்க. காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும்.

* மாத்திரை அட்டை, மருந்துச் சீட்டு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது பொன்னேரி அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க.

* ஊசி போடும் நாட்களில் காது இரைந்தால், அடுத்த ஊசிக்கு முன்பே சொல்லுங்க. காது கேட்கும் திறனைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்க.

* திடீர்னு ஒரு காது கேட்காமல் போனாலோ, தலை சுற்றித் தள்ளாடினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

* உடம்பு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கி தினமும் மாத்திரை போடுவதை நிறுத்துங்க. காதில் எண்ணெய் ஊற்றவும் வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் 104 இலவச மருத்துவ ஆலோசனை எண்ணுக்குப் பேசலாம். இன்னைக்கு சத்தம் கேட்குதுன்னு சொன்னால், நாளைக்குக் காது கேட்காமல் போவதைத் தடுக்கலாம்.