கண்ணாடிச் சில்லும் கடல்வழி வாணிபமும்

ஓர்ஸ் ஹில்லிலிருந்து திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்க்கும்போதெல்லாம், புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேடு என் நினைவுக்கு வரும். அங்கே 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக்கடல் மட்கலங்களோடு உரோமானியக் கண்ணாடிக் கிண்ணங்களின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. கேரளத்தின் பட்டணத்தில் 2007இல் தொடங்கிய அகழாய்விலும் அத்தகையவை வெளிப்பட்டன.

விலா எலும்பு போன்ற புடைவரிகளே இக்கிண்ணங்களின் அலங்காரம். சூட்டில் இளகிய கண்ணாடியை அச்சின்மீது படியவிட்டு இவற்றைச் செய்தனர். கி.பி. முதலாம் நூற்றாண்டுக்குப் பின் இவ்வகை அருகியது. ஆகவே, ஒரு சிறு துண்டே அது கிடந்த மண்ணடுக்கின் காலத்தைக் கணிக்க உதவும்.

அடுக்கிலிருந்து பெயர்த்தெடுத்துவிட்டால் அச்சாட்சியம் அழிந்துவிடும். அரிக்கமேட்டில் ஆற்றரிப்பும் செங்கற் கொள்ளையும் அழித்தவை ஏராளம். பழந்துறைமுக நகரங்களில் அத்திவாரம் வெட்டும் நாம், மண்ணில் ஏதேனும் மின்னினால் மண்வெட்டியைச் சற்றே நிறுத்தித் தொல்லியலாளரை அழைக்க வேண்டாமா?