எல்லை தாண்டாத கட்சி எது? அரசியலமைப்பும் ஆளில்லாத கிழக்கு மாகாண சபையும்

2017 செப்டெம்பர் 30ஆம் திகதியுடன் கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் முடிவடைந்தது. மட்டக்களப்பில் 11, அம்பாறையில் 14, திருகோணமலையில் 10 என்று மக்கள் தெரிவு செய்த ஆசனங்களும், 2 மேலதிக ஆசனங்களுமாக 37 ஆசனங்கள் அன்று வெறுமையாகின. மாகாண சபையின் ஆயுள் ஐந்து ஆண்டுகள் என்று அரசியலமைப்பு சொல்கிறது. 2025 செப்டெம்பரில் எட்டு ஆண்டுகள் நிறைந்தபோதும் அந்த ஆசனங்களில் யாரும் இல்லை.

எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இன்று மாகாணப் பாடசாலை, வைத்தியசாலை, வீதி, விவசாயம் ஆகியவை தொடர்பான தீர்மானங்களை ஜனாதிபதி நியமித்த ஆளுநரின் கீழுள்ள நிர்வாகமே எடுக்கிறது. இது யாருடைய தவறு என்று கேட்டால் ஒவ்வொரு கட்சியும் மற்றக் கட்சியைக் கைகாட்டும். சுதந்திரத்துக்குப் பிந்திய வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், ஆட்சிக்கு வந்த கட்சிகளில் அரசியலமைப்பின் எல்லையை மதித்து நின்ற கட்சியைக் காண்பது அரிது.

இது எமது நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. அமெரிக்காவில் 1952இல் உருக்கு ஆலைகளைக் கையகப்படுத்திய ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி ட்ரூமனையும், 1974இல் ஒலிநாடாக்களைத் தர மறுத்த குடியரசுக் கட்சி ஜனாதிபதி நிக்ஸனையும் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தடுத்தது. இருவரும் தீர்ப்புக்குப் பணிந்தார்கள். ஆட்சியாளர் எல்லை தாண்ட முயல்வது எங்கும் நடப்பதுதான். தாண்டியவரைத் திருப்பி அனுப்ப ஒரு கை இருக்கிறதா என்பதில்தான் நாடுகள் வேறுபடுகின்றன.

காப்பரண் அகற்றப்பட்ட விதம்

சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு, ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகமான சட்டத்தை இயற்றக்கூடாது என்று பாராளுமன்றத்தைக் கட்டுப்படுத்தியது. ஐக்கிய தேசியக் கட்சி அரசு 1948இல் கொண்டுவந்த பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. பண்டாரநாயக்க அரசு 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

சிங்களப் பரீட்சைக்குத் தோற்றாததால் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட அரச எழுதுவினைஞர் கோடீஸ்வரன் வழக்குத் தொடர்ந்தார். மொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்று மாவட்ட நீதிமன்றம் 1964இல் தீர்த்தது. அரச ஊழியர் சம்பளத்துக்காக முடியின்மீது வழக்குத் தொடர முடியாது என்று கூறி உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 1969இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அவர் வழக்குத் தொடரலாம் என்று தீர்த்து, அரசியலமைப்புக் கேள்வியை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. அதற்கு விடை கிடைக்கவேயில்லை. 1972 மே 22இல் சிறிமாவோ அரசு நிறைவேற்றிய குடியரசு அரசியலமைப்பில் 29(2) இடம்பெறவில்லை. 1970இல் ஐந்து ஆண்டுகளுக்குத் தெரிவான அந்தப் பாராளுமன்றம் தனது ஆயுளையும் 1977 வரை நீட்டிக்கொண்டது.

அடுத்து வந்த ஜே.ஆர். ஜெயவர்தன இன்னும் ஒரு படி மேலே போனார். தன் கட்சி உறுப்பினர்களிடம் திகதியிடப்படாத இராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். 1982 டிசெம்பர் 22இல் பொதுத் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு நடத்திப் பாராளுமன்றத்தை மேலும் ஆறு ஆண்டுகள் நீட்டினார். 1983 ஓகஸ்டில் வந்த ஆறாவது திருத்தத்தின் சத்தியப்பிரமாணத்தை ஏற்காத தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். யூலை வன்முறையின் சாம்பல் ஆறுவதற்குள் வடக்கு கிழக்கின் பெரும்பகுதிக்குப் பாராளுமன்றத்தில் குரல் இல்லாமல் போனது.

எமக்குச் சாதகமான மீறல்

வடக்கு கிழக்கு இணைப்பையும் இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டும். ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டன என்று திருப்தியுற்றால் இரு மாகாணங்களையும் ஜனாதிபதி இணைக்கலாம் என்பது 1987ஆம் ஆண்டின் மாகாண சபைகள் சட்டத்தில் இருந்த நிபந்தனை. அந்த நிபந்தனையை ஜெயவர்தன 1988 செப்டெம்பரில் அவசரகால ஒழுங்குவிதி மூலம் மாற்றி இணைப்பைப் பிரகடனம் செய்தார். இணைப்பு நீடிக்க வேண்டுமா என்று கிழக்கு மக்களிடம் கேட்கும் வாக்கெடுப்பைப் பின்வந்த ஜனாதிபதிகளும் ஆண்டுதோறும் ஒத்திவைத்தார்கள்.

மக்கள் விடுதலை முன்னணியினர் தொடுத்த வழக்கில், 2006 ஒக்டோபர் 16இல் உயர் நீதிமன்றம் அந்த இணைப்பு செல்லாது என்று தீர்த்தது. 18 ஆண்டுகாலத் தமிழர் எதிர்பார்ப்பு அத்துடன் கலைந்தது. தீர்ப்பின் அரசியலை விமர்சிக்க நிறைய இடமுண்டு. ஆனால், குறுக்கு வழியில் கிடைத்தது குறுக்கு வழியிலேயே பறிபோகும் என்ற பாடத்தை நாம் கவனிக்காமல் விட முடியாது. 1990 மார்ச் 1இல் அந்த இணைந்த சபையின் முதலமைச்சர் வரதராஜப்பெருமாள் தனிநாட்டுப் பிரகடனத்தை முன்வைத்ததும் மாகாண சபைக்கு இல்லாத அதிகாரத்தைக் கையிலெடுத்த செயலே. அதே ஆண்டில் சபை கலைக்கப்பட்டது. 2008 மே மாதம்வரை கிழக்குக்கு அடுத்த சபை கிடைக்கவில்லை.

ஒரு மாகாண சபையால் என்ன பயன்?

இந்தக் கேள்விக்கு 2012இல் பதில் கிடைத்தது. மகிந்த ராஜபக்ச அரசு கொண்டுவந்த திவிநெகும சட்டமூலம் மாகாணங்களின் அதிகாரத்தில் கைவைத்ததால், அதை மாகாண சபைகளுக்கு அனுப்பிக் கருத்துப் பெறவேண்டும் என்று உயர் நீதிமன்றம் கூறியது. இயங்கிக்கொண்டிருந்த சபைகள் ஆதரித்தன. வடக்கில் சபையே இல்லை. அங்கு ஆளுநர் சம்மதம் கொடுத்தார். தெரிவு செய்யப்பட்ட சபைக்குப் பதிலாக ஆளுநர் சம்மதிக்க முடியாது என்று நீதிமன்றம் தீர்த்தது.

அந்த வேளையிலேயே பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிரான குற்றப்பிரேரணை சபாநாயகரிடம் கையளிக்கப்பட்டது. தெரிவுக்குழுவின் அறிக்கை செல்லாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த பின்னரும், 2013 ஜனவரியில் அவர் பதவி நீக்கப்பட்டார். கொழும்பைத் தடுக்கும் சக்தி மாகாண சபைக்கு உண்டு என்பதையும், அந்தச் சக்தியைச் சுட்டிக்காட்டுவதற்கு என்ன விலை என்பதையும் ஒரே நிகழ்வு காட்டியது.

சபை காணாமல் போன நாள்

2017இல் ஆட்சியில் இருந்தது மைத்திரிபால சிறிசேன, ரணில் விக்கிரமசிங்க கூட்டணியின் நல்லாட்சி அரசு. எல்லா மாகாணத் தேர்தல்களையும் ஒரே நாளில் நடத்துவதற்கான 20ஆவது திருத்தச் சட்டமூலத்துக்குச் சர்வசன வாக்கெடுப்பு தேவை என்று உயர் நீதிமன்றம் கூறியது. உடனே வேறு வழி தேடப்பட்டது. பெண்களின் பிரதிநிதித்துவம் தொடர்பான ஒரு சிறிய சட்டமூலத்தில், குழுநிலையின்போது தேர்தல் முறையையே மாற்றும் திருத்தங்கள் செருகப்பட்டன. செப்டெம்பர் 20இல் அது நிறைவேறியது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் முஸ்லிம் கட்சிகளும் ஆதரவாக வாக்களித்தன.

சூட்சுமம் இங்கேதான். சட்டமூலத்தை நிறைவேறும் முன்னரே நீதிமன்றத்தில் சவாலுக்கு உட்படுத்தலாம். நிறைவேறிச் சட்டமான பின்னர் அதன் செல்லுபடியை நீதிமன்றம் ஆராய முடியாது. குழுநிலையில் செருகியதைப் பொதுமக்கள் பார்ப்பதற்குள் கதவு மூடிவிட்டது.

புதிய முறைக்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் ஒருவரும் ஆதரிக்கவில்லை. அதைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறை நீக்கப்பட்டுவிட்டது, புதிய முறை தொடங்கவில்லை. அதன்பின் கோட்டாபய ராஜபக்ச, ரணில், அநுர குமார திசாநாயக்க என்று ஜனாதிபதிகள் மாறினார்கள். ஒரு சிறு சட்டத்திருத்தம் போதும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஏழு வாரமும் எட்டு ஆண்டும்

2018 ஒக்டோபர் 26இல் சிறிசேன பிரதமர் ரணிலை நீக்கி மகிந்தவை நியமித்தார். நவம்பர் 9இல் பாராளுமன்றத்தைக் கலைத்தார். மட்டக்களப்பிலிருந்து கூட்டமைப்பின் சார்பில் தெரிவான வியாழேந்திரன் அந்தப் பக்கம் தாவிப் பிரதி அமைச்சரானார். கிழக்கின் மூத்த தலைவர் இரா. சம்பந்தன் கலைப்புக்கு எதிராக நீதிமன்றம் சென்றார். நாலரை ஆண்டுகள் முடியும்முன் கலைத்தது அரசியலமைப்புக்கு முரண் என்று டிசெம்பர் 13இல் ஏழு நீதியரசர்களும் ஒருமித்துத் தீர்த்தார்கள். ஏழு வாரங்களில் மீறல் சரிசெய்யப்பட்டது.

ரணில் ஆட்சியில் 2023 மார்ச் 9ஆம் திகதி நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் நிதியில்லை என்று தள்ளிப்போடப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் தீர்ப்பு வந்தது. 2025 மே 6இல் தேர்தலும் நடந்தது.

கொழும்பின் கதிரை ஆடியபோது ஏழு வாரம் போதுமாக இருந்தது. கிழக்கின் 37 கதிரைகளுக்கு எட்டு ஆண்டுகள் போதவில்லை. இந்த இடைவெளியில்தான் 2020 யூனில் கிழக்கின் தொல்லியலுக்கென ஒரு ஜனாதிபதி செயலணி வந்தது. தொடக்கத்தில் அதில் தமிழரோ முஸ்லிமோ ஒருவர்கூட இல்லை. மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் மேய்ச்சல் தரைக்காகச் சித்தாண்டியில் வீதியோரம் அமர்ந்தபோது, அவர்களுக்காகத் தீர்மானம் நிறைவேற்ற ஒரு மாகாண சபை இருக்கவில்லை. 13ஆவது திருத்தம் சொல்லும் தேசியக் காணி ஆணைக்குழுவும் இதுவரை அமைக்கப்பட்டதில்லை.

நாம் கேட்கவேண்டியது

13ஆவது திருத்தம் போதாது என்பவர்களும், அதுவாவது வேண்டும் என்பவர்களும் இந்த ஒரு விடயத்தில் ஒன்றுபடலாம். இருக்கும் சட்டத்தை நடைமுறைப்படுத்தாதவர்கள் வரப்போகும் சட்டத்தையும் நடைமுறைப்படுத்தமாட்டார்கள்.

2024 நவம்பர் பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி வெல்லாத ஒரேயொரு மாவட்டம் மட்டக்களப்பு. தனித்துப் பேசிய மாவட்டத்துக்குத் தனித்த பொறுப்பும் உண்டு. வாசலுக்கு வரும் எந்தக் கட்சியிடமும் இரண்டு கேள்விகளைக் கேட்போம். 2017இல் நீங்கள் எப்படி வாக்களித்தீர்கள்? அதைத் திருத்தும் சட்டமூலத்துக்கு எந்தத் திகதியில் கையுயர்த்துவீர்கள்?