திருவாலங்காட்டுச் செப்பேட்டில் கடாரச் செய்தி: அயலுறவு அறிவிப்புகளில் வசப்படுத்தும் முறைகள் குறித்து ஓர் ஆய்வு

கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் 1935ஆம் ஆண்டிலிருந்து பகுதி பகுதியாக வெளியிட்ட சோழர் வரலாற்றில், முதலாம் ராஜேந்திரன் கடாரத்தின்மீது கடற்படை செலுத்தியதற்குக் காரணம் தேடுமிடத்தில், இரண்டு சாத்தியங்களைச் சொல்லி அமைகிறார். கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜய அரசு சோழநாட்டு வணிகருக்குக் கீழைக்கடலில் இடையூறு விளைவித்திருக்கலாம் என்பது ஒன்று. தன் குடிகள் நன்கறிந்திருந்த கடல் கடந்த தேசங்கள் வரையில் திக்விஜயத்தை நீட்டித் தன் முடிக்குப் புகழொளி கூட்ட வேந்தன் விரும்பினான் என்பது மற்றொன்று. இவ்விரண்டில் பின்னதே அதிகம் பொருந்துவது என்பது அவர் அபிப்பிராயம். தென்னாட்டு வரலாற்றில் புகும் எவரும் அவர் திறந்துவைத்த வாயிலின் வழியாகவே புகுகிறோம் என்ற நன்றியுணர்வு சிறிதும் குறையாமல், இந்த அபிப்பிராயத்தை நான் மறுக்க முற்படுகிறேன். சாசனத்தை எழுதுவித்தவர்கள், படிப்பவர் மனத்தில் எந்த எண்ணம் பதிய வேண்டுமென்று விரும்பினார்களோ, அதே எண்ணம் ஒன்பது நூற்றாண்டுகளைக் கடந்து ஒரு பேரறிஞரின் முடிவாக வந்து அமர்ந்துவிட்டது என்று கருதுவதற்கு இடமிருக்கிறது.

இதற்கு நான் முதன்மைச் சான்றாக எடுத்துக்கொள்வது, திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் இடையே அமைந்த திருவாலங்காட்டுக் கோயிலில் 1905ஆம் ஆண்டு கிடைத்து, 1920இல் எச். கிருஷ்ண சாஸ்திரியாரால் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியில் பதிப்பிக்கப்பெற்ற செப்பேடு. 31 ஏடுகளைக் கொண்ட இதில் 271 வரிகள் வடமொழி, 524 வரிகள் தமிழ். ராஜேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 1017-18இல், பழையனூர் என்னும் ஊர் திருவாலங்காட்டு இறைவனுக்கு அளிக்கப்பட்ட செய்தியே அதன் பொருள். நாராயணன் என்னும் கவி பாடிய வடமொழிப் பிரசஸ்தி, சூரிய வம்சத்தில் தொடங்கி, கங்கைக்கரைப் படையெடுப்பை விரிவாக வருணித்து, முடிவை நெருங்குமிடத்தில் ஒரே ஒரு சுலோகத்தில் கடாரத்தைத் தொட்டுச் செல்கிறது. கடலைத் தாண்டிய தன் உயர்ந்த படைகளால் கடாகம் எனும் கடாரத்தை வென்று, அரசர் கூட்டம் முழுதும் தலைவணங்க, நெடுங்காலம் நிலவுலகைக் காத்தான் என்பது அச்சுலோகத்தின் கருத்து.

இங்கேதான் காலமுரண் எழுகிறது. தமிழ் மெய்க்கீர்த்தியில் கடார வெற்றி 14ஆம் ஆட்சியாண்டையொட்டியே இடம்பெறுகிறது. ஆகவே அது 1025ஐ ஒட்டிய நிகழ்ச்சி. 6ஆம் ஆண்டுத் தானசாசனத்தின் தலைப்பில் எட்டாண்டுக்குப் பிந்திய போர் எவ்வாறு வந்தது? வடமொழிப் பகுதி பின்னர்ச் சேர்க்கப்பட்டது என்பதே இதற்குப் பொதுவாகக் கூறப்படும் சமாதானம். அதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் அச்சமாதானத்தோடு ஆராய்ச்சி நின்றுவிட்டதே என் குறை. நீலகண்ட சாஸ்திரியார், இச்செப்பேடு கடாரப் படையெடுப்பை அரைச் சுலோகத்தில் முடித்துவிடுகிறது என்ற அளவில் இதனை ஒதுக்கிவிட்டு, பதின்மூன்று இடங்களைப் பெயர் சொல்லி எண்ணும் தமிழ் மெய்க்கீர்த்தியிடம் சென்றுவிடுகிறார். தகவல் தேடுபவருக்கு அது சரியான வழியே. தகவலை எப்படிப் பரப்பினார்கள் என்று தேடுபவருக்கோ, ஒதுக்கப்பட்ட அந்த ஒற்றைச் சுலோகமே பெரிய புதையல்.

அந்தச் சுலோகம் எத்தகைய சூழலில் வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அதைத் தொடர்ந்து வரும் தமிழ்ப் பகுதியில் பழையனூரின் எல்லைகள் வாய்க்கால் வாய்க்காலாக, மேடு மேடாகச் சொல்லப்படுகின்றன. பெண்யானையை நடத்தி எல்லை வகுத்த முறை சொல்லப்படுகிறது. ஆணையைக் கேட்டவர், எழுதியவர், ஒப்பிட்டவர் என்று அதிகாரிகளின் பெயர் வரிசை நீள்கிறது. அவ்வூரில் வாழ்ந்த உழவன் ஒவ்வொரு எல்லையையும் தன் காலால் சரிபார்க்க முடியும். அவ்வாறு சரிபார்க்கத்தக்க ஐந்நூறு வரிகளின் முகப்பில், சரிபார்க்கவே முடியாத கடல் கடந்த ஒரு செய்தி அமர்த்தப்படுகிறது. பின்னதற்குக் கிடைக்கும் நம்பிக்கை முன்னதிலிருந்து கடனாக வருவது. அயல்நாட்டுச் செய்திகளை இன்று வாசிக்கும்போதும் இம்முறையை நாம் அடையாளம் காணவேண்டும்: பேச்சுவார்த்தை நடந்த மண்டபம், கையொப்பமிட்ட நேரம், விருந்தில் கலந்துகொண்டோர் ஆகிய அனைத்தும் துல்லியமாகத் தரப்படும், அவற்றிடையே, எந்தத் தரப்பு எதை விட்டுக்கொடுத்தது என்ற முடிவு மட்டும் சான்றின்றி ஒரே வாக்கியத்தில் வைக்கப்படும்.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. அது வலுவான ஆட்சேபம். செப்பேடு வெட்டுவது ஆண்டுக்கணக்கில் நீளும் வேலை. ஆணை ஓர் ஆண்டிலும் ஏடு மற்றோர் ஆண்டிலும் அமைவது நிர்வாகத் தாமதமேயன்றி உத்தியன்று என்று கூறலாம். ஆனைமங்கலச் செப்பேடு எனவும் லெய்டன் செப்பேடு எனவும் வழங்கும் பெரிய சாசனம் இந்த ஆட்சேபத்துக்குத் துணைநிற்பது போலவே தோன்றும். ராஜராஜனின் 21ஆம் ஆண்டு ஆணையைக் கொண்ட அதன் வடமொழிப் பகுதி, அவ்வரசன் மறைந்தபின் மகன் ராஜேந்திரன் காலத்தில் இயற்றப்பட்டது என்பதை அதுவே கூறுகிறது. எனினும் அங்கே ஒரு வேறுபாடு உண்டு. தந்தை சுவர்க்கம் சென்றபின் மகன் இதை நிலைநிறுத்தினான் என்று கவி தாமே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். படிப்பவருக்கு இரு காலமும் தெரிகின்றன. திருவாலங்காட்டுக் கவியோ இடைவெளியைச் சொல்லவில்லை. நெடுங்காலம் காத்தான் என்னும் சொல்லாட்சியில் மட்டுமே, தம்மை அறியாமல், பின்னோக்கிப் பார்க்கும் ஒருவரின் குரல் கேட்கிறது. அது காவிய மரபுத் தொடரே என்று ஒருவர் சொன்னால் நான் வாதத்தில் தோற்கக்கூடும்; ஆயினும் மரபுத் தொடரும் இடமறிந்தே வைக்கப்படுவது என்பதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

லெய்டன் சாசனத்தை இங்கு நினைவுகூர்வதற்கு மற்றொரு காரணமும் உண்டு. நாகப்பட்டினத்துச் சூடாமணி விஹாரத்தைத் தன் தந்தையின் பெயரால் எழுப்பிய மாறவிஜயோத்துங்கவர்மன், சைலேந்திர குலத்தவன், ஸ்ரீவிஜயத்துக்கும் கடாகத்துக்கும் அதிபதி, மகரக்கொடியோன் என்று அதில் முழு மரியாதையோடு போற்றப்படுகிறான். அதே அரசின் பின்னோனாகிய சங்கிராம விஜயோத்துங்கவர்மன் சில ஆண்டுகளில் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் சிறைப்பட்ட பகைவனாகிறான். நண்பன் எந்தக் கணத்தில், என்ன காரணத்தால் பகைவனானான் என்பதை எந்தச் சாசனமும் சொல்வதில்லை. காரணத்தை நீக்கிவிட்டுக் காரியத்தை மட்டும் பெருக்கிக் காட்டுவதே மெய்க்கீர்த்தியின் வசப்படுத்தும் முறை. அந்த வெற்றிடத்தில் படிப்பவர் இயல்பாகவே வீரத்தை இட்டு நிரப்புகிறார். சாஸ்திரியார் திக்விஜயத்தை இட்டு நிரப்பினார்.

பின்வந்த ஆவணங்களில் இம்முறை வளர்ந்து மாறுவதைக் காண்கிறோம். வீரராஜேந்திரனின் 7ஆம் ஆண்டுப் பெரும்பேர்க் கல்வெட்டு, கடாரத்தை வென்று, அடிபணிந்த அந்நாட்டு அரசனுக்கே திருப்பித் தந்ததாக அறிவிக்கிறது. வென்றதைத் தன் வசம் வைத்துக்கொள்ளாமைக்குரிய தேவை எதுவாயினும், அறிவிப்பில் அது கருணையாகிவிடுகிறது. 1090இல் முதலாம் குலோத்துங்கனின் 20ஆம் ஆண்டுச் சிறிய லெய்டன் செப்பேட்டில் தொனி மேலும் தணிந்து, ராஜவித்யாதர சாமந்தன், அபிமானோத்துங்க சாமந்தன் என்னும் கிடாரத் தூதர் இருவர் விண்ணப்பிக்க, விஹாரத்தின் ஊர்களுக்குச் சில வரிகள் நீக்கப்படுகின்றன. வெற்றி என்ற பேச்சே அந்தத் தூதுக் காரியத்தில் தேவைப்படவில்லை. அதற்கு இரண்டாண்டு முன், 1088இல், சுமத்ராவின் பாரூஸ் அருகே லோபு துவாவில் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் நாட்டிய தமிழ்க் கல்வெட்டு, மரக்கலங்கள் செலுத்தவேண்டிய பொன்னைப் பற்றிப் பேசுகிறதேயன்றிச் சோழ வேந்தனின் வெற்றியைப் பாடவில்லை. அக்கல்வெட்டை ஆராய்ந்து 1932இல் வெளியிட்டவரும் சாஸ்திரியாரே. வணிகர் தமக்குள் எழுதிக்கொண்ட இந்த ஆவணத்தையும் அரசவையின் அறிவிப்பையும் அவர் அருகருகே வைத்து, முன்னதைக் கொண்டு பின்னதை எடைபோட்டிருந்தால், தாம் முதலில் சொன்ன வாணிபக் காரணத்தைப் பின்னுக்குத் தள்ளியிருக்கமாட்டார் என்றே நம்புகிறேன்.

மறுகரையின் ஏடுகளையும் சிறிது பார்ப்போம். சீனத்துச் சோங் அரசவைக்குச் சோழத் தூதர் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சென்றதாக அந்நாட்டு வரலாறு பதிவு செய்கிறது. 1015இல் அளிக்கப்பட்டதாக அதில் காணும் விண்ணப்பத்தில், தஞ்சையில் மன்னர் முடிகளையெல்லாம் தன் காலடியில் கண்ட பேரரசன், தன்னை அற்பப் பூச்சிக்கும் வைக்கோல் நாய்க்கும் ஒப்பிட்டுக்கொள்கிறான். இது தூதரின் சொல்லா, அவையின் எழுத்தர் தம் மரபுக்கேற்பப் புனைந்ததா என்பது தீராத வினா. இரண்டாவதே என்பது என் சார்பு. 1106இல் பாகன் நாட்டுத் தூதர் வந்தபோது, அவர்களைச் சோழத் தூதருக்கு நிகராக நடத்தலாமா என்ற கேள்வி எழ, சோழநாடு ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கியதாகலின் முன்பு அதற்குத் தாழ்ந்த காகிதத்திலேயே ஓலை எழுதினோம் என்றும், பாகன் பெருநாடாகலின் பொற்பூ இட்ட பட்டுத்தாள் வேண்டும் என்றும் அதிகாரிகள் எழுதினர். கடாரத்தை வென்றதாகச் சோழர் தம் நாட்டில் கல்லில் வெட்டிய எண்பதாண்டுக்குப்பின், அதே கடாரத்துக்கு அடங்கிய சிற்றரசாகச் சீனத்தில் பதிவாகியிருக்கிறார்கள். ஸ்ரீவிஜயத் தூதர்கள் திட்டமிட்டுத் தவறான செய்தியைப் பரப்பியதன் விளைவே இது என்பது வரலாற்றாசிரியர் தான்சென் சென் அவர்களின் கருத்து. 1077இல் தூதனுப்பிய அரசன் குலோத்துங்கனேயா, வேறொருவனா என்ற வழக்கும் இன்னும் முடிந்தபாடில்லை. அது முடியும்வரை இக்கருத்தை முழு நிரூபணமென்று கொள்ளத் தயங்குகிறேன். ஆயினும் ஒரே உறவைப் பற்றி இரு தலைநகரங்களில் இரு நேர்மாறான செய்திகள் நிலைபெற்றன என்பதில் ஐயமில்லை.

இவ்வாராய்ச்சி பழைய ஏட்டோடு முடிவதன்று. திருவாலங்காடு அமைந்த அதே திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் உருக்காலைகள் நிற்கும் ஊரில், இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1964 அக்டோபர் 30இல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தம், 9,75,000 மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்து, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தது. அந்த மக்களின் பிரதிநிதி எவரும் அதில் கையொப்பமிடும் தரப்பினர் அல்லர். 1987 ஜூலை 29இல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜெயவர்தனாவும் கையெழுத்திட்ட உடன்படிக்கையிலும் தமிழர் தரப்புக் கையொப்பம் இல்லை. பழையனூர்ச் சாசனத்தின் எல்லைகளைப் போல எண்கள் துல்லியமாக நிற்கும். யாரைப் பற்றிய செய்தியோ அவர்கள் மட்டும் அதில் பேசமாட்டார்கள். நம்மைப் போன்ற ஆராய்ச்சியாளர் இதை உரக்கச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். ஏனெனில் அச்செய்தியின் விளைவை மூன்று தலைமுறையாக வாழ்ந்து தீர்ப்பவர்கள் நம் பக்கத்து ஊரில் இருக்கிறார்கள்.

திருவாலங்காட்டு வடமொழிப் பகுதி எந்த ஆண்டில் வெட்டப்பட்டது என்பதை 1025க்குப் பிந்தியது என்பதற்கு மேல் குறுக்கிச் சொல்ல என்னால் இயலவில்லை. கடாரச் சுலோகம் உள்ள ஏட்டின் எழுத்தமைதியை, அதற்கு முந்திய கங்கைப் பகுதியின் ஏடுகளோடும் பின்வரும் தமிழ் ஏடுகளோடும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, தெளிந்த நிழற்படங்களுடன் கல்வெட்டறிஞர் எவரேனும் வெளியிடுவாராயின், பிரசஸ்தி முழுவதும் ஒரே காலத்தில் அமைந்ததா, அந்த ஒரு சுலோகம் மட்டும் கடைசியாகப் புகுத்தப்பட்டதா என்பது விளங்கும். அப்பணியை மேற்கொள்ளுமாறு இளம் ஆய்வாளர்களை வேண்டிக்கொள்கிறேன்.