பெர்னி ஆர்ம்ஸ் ரயில் நிலையம்

பெர்னி ஆர்ம்ஸ்: இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில், ரீடம்–கிரேட் யார்மத் இடையிலான ஒற்றைப் பாதையில், பயணி கேட்டால் மட்டும் ரயில் நிற்கும் சிறு நிலையம். யேர் ஆற்றையொட்டிய ஹால்வர்கேட் சதுப்புமேய்ச்சல் நிலத்தில் அமைந்தது. சாலைத் தொடர்பு இல்லை. ரயில், நடைபாதை, படகு ஆகியவையே வழி.

இறங்க விரும்புவோர் கார்டிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஏறுவோர் நடைமேடையில் நின்று ஓட்டுநருக்குக் கைகாட்ட வேண்டும். நடைமேடையின் நீளம் மிகக் குறைவு. வார நாள்களைவிட ஞாயிறன்று ரயில்கள் அதிகம். வருவோரில் பலர் நடைப்பயணிகளும் பறவை நோக்குநர்களும் என்பதால் இது பொருத்தமே.

நிலையம் உள்ள பாதை நார்ஃபோக்கின் முதல் ரயில்பாதையாக 1844-இல் திறக்கப்பட்டது. நிலவுடைமையாளர் தாமஸ் டிரெஞ்ச் பெர்னி, இங்கே நிலையம் அமைக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் நிலத்தை விற்றார். நிலையம் வேண்டும் என்றுதான் ஒப்பந்தம் சொன்னது, ரயில் நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை எனக் கூறி ரயில் நிறுவனம் சில ஆண்டுகளில் ரயில்களை நிறுத்தாமல் விட்டது. கெட்டிக்கார வாதம்தான், ஆனால் தகராறுக்குப் பின் ரயில்கள் மீண்டும் நின்றன.

சமிக்ஞை மேம்பாட்டுக்காக 2018 அக்டோபர் முதல் 2020 பிப்ரவரி வரை சேவை இல்லை. அதனால் 2019–20-இல் 42 பயணங்களே பதிவாகி, பிரிட்டனில் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்பட்ட நிலையமானது. நிலையத்துக்கு அருகில் உயரமான காற்றாலை ஒன்றும் உண்டு. அது முதலில் சிமெண்ட் மூலப்பொருளை அரைத்தது. பின்னர் சதுப்புநீரை வடித்தது.